லாரி வராத முடிவு

சுதாகர், மச்சான், எங்கே உட்கார்ந்திருந்தாலும் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விடு. பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நம் மின்மடலில்தான் அனுப்பப் போகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்குத் தெரியாததை இடையிடையே சொல்லிக்கொண்டு போவேன். உனக்குத் தெரிந்த கதைதானே என்று கொட்டாவி விடாதே.

முதலில் ஊர்ச் செய்தி. ஆசிரமத்துப் பக்கம் நீ வேலை பார்த்த கெஸ்ட் ஹவுஸில் புதிதாக ஒருவனைப் போட்டிருக்கிறார்கள். போன வாரம் அந்த வழியாகப் போனேன். நீ போட்டிருந்த அதே நீலச் சட்டைதான் அவனுக்கும். பாக்கெட்டுக்கு மேலே உன் பெயரைத் தைத்திருந்தார்களே, அந்த நூலைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். ஊசி போன ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. கொஞ்ச நேரம் பார்த்தால் அந்த ஓட்டைகளில் உன் பெயரைப் படிக்க முடிகிறது. அவன் என்னைப் பார்த்து, "ரூம் வேணுமா சார்?" என்று கேட்டான். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் அதே இடத்தில்தான் இருக்கிறேன். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரில், அதே ஜெராக்ஸ் கடை. திங்கட்கிழமை மனு நாள். பட்டா கேட்டு, ரேஷன் கார்டு கேட்டு, வயலுக்குப் பாதை கேட்டு வருகிறவர்கள் சொல்லச் சொல்ல மனு டைப் செய்கிறேன். எந்த இடத்தில் "வறுமைக்கோட்டிற்குக் கீழ்" என்று போட வேண்டும், எந்த இடத்தில் "கைக்குழந்தையுடன்" என்று சேர்த்தால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார் என்பதெல்லாம் என் விரலுக்கே தெரியும். அந்த விரலால்தான் கதையும் எழுதினேன். அதுதான் வினை.

மின்மடலை ஆரம்பித்தது கோபத்தில். எந்தப் பத்திரிகையும் என் கதைகளைப் போடவில்லை. போடா, நானே போட்டுக்கொள்கிறேன் என்று மாதம் ஒரு கதையை மின்னஞ்சலில் அனுப்ப ஆரம்பித்தேன். பௌர்ணமி காலையில் அனுப்பலாம் என்று நாள் குறித்தவன் நீ. அன்றைக்கு பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், கடைக்கு மனு எழுத யாரும் வர மாட்டார்கள், ஊரே கிரிவலம் என்று மலையைச் சுற்றும். "ஊரு நடக்கட்டும், நாம உக்காந்து படிப்போம்" என்றாய். முதலில் பன்னிரண்டு பேர். நான்கு வருடத்தில் நானூற்றுச் சொச்சம். அதில் முதல் ஆள் நீ. அனுப்பிப் பத்து நிமிடத்துக்குள் உன் பதில் வந்துவிடும். "படிச்சேன்" என்று ஒரு சொல். திட்டெல்லாம் அப்புறம் டீக்கடையில்.

எந்தக் கதைக்கு என்று ஞாபகமில்லை, ஒருநாள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இது கதையா, மனுவா?" என்று கேட்டாய்.

"இன்னாடா சொல்ற?"

"பாரு. மொதல் பத்தியில யாரு, எந்த ஊரு, இன்னா சாதின்னு சொல்லிட்ற. அப்பறம் கஷ்டத்தை வரிசையா அடுக்கற. கடைசில ஆளை சாவடிச்சிட்டு கையெழுத்து போட்ற. சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து அழ வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்னு ஒரு வரிதான் பாக்கி."

"நடப்பு அப்பிடித்தான் இருக்குது மச்சான்."

"நடப்பா? நேத்து சாயந்தரம் பூரா நான் தங்கச்சி கூட ரிமோட்டுக்கு சண்டை போட்டேன். அது நடப்பு இல்லியா? எங்க ஆளுங்க உன் கதைல ஒரு தீபாவளிக்காவது உசுரோட இருந்திருக்காங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. உனக்காகத்தானே எழுதுகிறேன், நீயே கேலி செய்கிறாயே என்று நினைத்தேன். உனக்காக! அந்தச் சொல்லை இப்போது நினைத்தால் வாயில் கசப்பு ஊறுகிறது.

அந்த ரோஷத்தில்தான் உன்னை வைத்தே ஒரு கதை எழுதினேன். பெயர் "செக் அவுட்". காலனியிலிருந்து வந்து கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் ஒருவன். நாள் முழுக்க யார் யாருக்கோ அறைச் சாவி கொடுக்கிறான். சாயந்தரம் பைக்கை ஸ்டார்ட் செய்து வீட்டுக்குக் கிளம்புகிறான். செங்கம் ரோட்டில் லாரி. கதை முடிந்தது. நீ பேசுகிறபடியே அவனைப் பேச வைத்திருந்தேன். எதற்கெடுத்தாலும் "ரொம்ப முக்கியம்" என்பாயே, அது வரைக்கும்.

அனுப்புவதற்கு முந்தின நாள் உன்னிடம் படிக்கக் கொடுத்தேன். உன் பைக் மேலேயே உட்கார்ந்து படித்தாய்.

"என்னை ஏன்டா லாரில ஏத்தன?"

"ஏத்தல. லாரிதான் உன் மேல ஏறுது."

"ரொம்ப முக்கியம். லாரி வராம எழுது. அவன் பாட்டுக்கு வூட்டுக்குப் போவட்டும்."

"போய்?"

"போய் இன்னா, துன்னுட்டு தூங்குவான்."

"அதுல கதை எங்க இருக்குது?"

நீ படித்ததை என்னிடம் திருப்பிக் கொடுத்தாய். பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்தாய். "அது உனக்குத் தெரியாது" என்றாய். அவ்வளவுதான். நான் முடிவை மாற்றவில்லை. மறுநாள் அனுப்பிவிட்டேன்.

அதற்கு வந்த அளவு கடிதங்கள் வேறு எதற்கும் வரவில்லை. எத்தனை பேர் அழுதார்கள்! "இறந்த அந்தத் தம்பிக்கு என் அஞ்சலி" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நீ பஜ்ஜி தின்றுகொண்டே படித்தாய். "என் சாவுக்கு இவ்ளோ கும்பலா? முன்னாடியே சொல்லியிருந்தா பந்தல் போட்டிருக்கலாமே" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். நீ இருந்தாய், அதனால் சிரிக்க முடிந்தது.

அது முடிந்து நான்காவது பௌர்ணமி. உனக்குக் காய்ச்சல். கெஸ்ட் ஹவுஸில் அறை எல்லாம் நிரம்பியிருந்தது. "பௌர்ணமி முடியட்டும், அப்பறம் லீவு எடுத்துக்க" என்றார் முதலாளி. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். பௌர்ணமி காலையில் நான் வழக்கம்போலக் கதை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் உன் பதில் வந்தது: "உடம்பு முடியல மச்சான், அப்பறம் படிக்கிறேன்." நான் திருப்பி என்ன எழுதினேன் தெரியுமா? "சீக்கிரம் படி." என் கையால் உனக்கு எழுதிய கடைசி வரி அது. மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்தாம் நாள் நீ இல்லை.

லாரி எதுவும் வரவில்லை. கொசு கடித்ததோ தண்ணீரோ, காய்ச்சல். அதற்கு மேல் ஒரு லீவு மறுப்பு. என் கதைகளில் வருவதைவிடச் சின்னச் சாவு.

நீ போன செய்தியை மின்மடலில் நான்கு வரியில் அனுப்பினேன். பாதிப் பேருக்கு அது செய்தி என்றே புரியவில்லை. அவர்கள் கணக்கில் நீ ஏற்கெனவே செத்தவன். ஒருவர், "முந்தைய கதையைவிட இதன் சுருக்கம் சிறப்பு" என்று பாராட்டி எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு வாந்தி வந்தது, சுதா. உண்மையாகவே வந்தது. அவரைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? அவரை அப்படிப் படிக்கப் பழக்கியவன் நான்தானே.

அதோடு நிறுத்திவிட்டேன். மூன்று பௌர்ணமிக்கு எதுவும் போகவில்லை.

பிறகு ஒருநாள், கடையில் இருந்தபடியே மின்மடல் கணக்கை மூடிவிடலாம் என்று அதன் பக்கத்தைத் திறந்தேன். யார் எந்த மடலை எப்போது திறந்தார்கள் என்று அதில் வரும், உனக்குத் தெரியும். "செக் அவுட்" மடலுக்கு நேரே, எல்லோருக்கும் மேலே, உன் பெயர் இருந்தது. முந்தின நாள் மாலை ஆறரை மணி. மறுநாள் பார்த்தேன். ஆறரை. அதற்கு மறுநாளும் ஆறரை. எண்ணிப் பார்த்தால் நாற்பது தடவைக்கு மேல். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, கிண்டல் செய்கிறவன். ஆனால் அந்த வாரம் முழுக்க ஆறு மணி ஆனாலே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ சாவிலிருந்து எழுந்து வந்து, நான் எழுதிய உன் சாவைத் தினமும் படிக்கிறாயா? எதைத் தேடுகிறாய்? முடிவை மாற்றிவிட்டேனா என்றா?

பொறுக்க முடியாமல் உன் நம்பருக்கே போன் செய்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்கள்.

"அண்ணா, நான் கவிதா." உன் தங்கச்சி. "அண்ணன் போன் என்கிட்டதான் இருக்குது."

"அந்தக் கதையை நீயா படிக்கிற?"

"அம்மாவுக்குப் படிச்சிக் காட்டறேண்ணா. நான் காலேஜ்ல இருந்து வந்ததும் தெனம் கேக்கும். அதுல அண்ணன் அப்பிடியே பேசறான் இல்ல? 'ரொம்ப முக்கியம்'னு வந்தாலே அம்மா சிரிச்சிடும்."

"கடைசி வரைக்குமா படிக்கிற?"

"ஐய, இல்லண்ணா. பைக்கை ஸ்டார்ட் பண்ணான்ற வரைக்கும்தான். லாரி வர்றதுக்கு முன்னாடி நிறுத்திடுவேன். 'அப்பறம்'னு அம்மா கேக்கும். நானே எதுனா சேத்து சொல்லிட்டு வரேன். வர்ற வழியில மழை புடிச்சிச்சின்னு, தக்காளி வாங்கினான்னு. எனக்கு தீந்துபோச்சு. நீங்கதான எழுதற ஆளு? எழுதிக் குடுங்க."

"அம்மாவை ஏமாத்தற மாதிரி ஆயிடாதா?"

கவிதா கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னாள்: "அவன் செத்தது எங்கம்மாவுக்குத் தெரியாதா? குளிப்பாட்டினதே அதுதான். அவன் எப்பிடி வூட்டுக்கு வருவான்னு கேக்குது. அவ்ளோதான். அதுல இன்னா பொய் இருக்குது?"

சரி என்றேன். எழுத உட்கார்ந்தேன். பைக் ஸ்டார்ட் ஆனது. செங்கம் ரோட்டில் வந்தது. நம் ஊர் நிறுத்தத்தில் திரும்பியது. ஏரிக்கரையைத் தாண்டிக் காலனித் தெருவுக்குள் நுழைந்தது. அங்கே நின்றுவிட்டது. உன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும்? பைக்கை எங்கே நிறுத்துவாய்? உள்ளே போனதும் முதலில் என்ன செய்வாய்? ஒன்றும் தெரியவில்லை.

நாம் ஒரே ஊர். ஒரே பள்ளிக்கூடம். எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் உங்கள் தெரு விளக்கு தெரியும். நடந்தால் பத்து நிமிடம். நீ செத்த அன்றுதான் முதல்முறையாக உன் தெருவுக்குள் வந்தேன். அன்றும் கும்பலுக்குப் பின்னால் நின்று மாலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அப்போது புரிந்தது, கதையில் லாரி ஏன் வந்தது என்று. சமூக அவலம், அது இது என்று உன்னிடம் வாதாடினேனே, அதெல்லாம் இல்லை. உன் வீட்டை எனக்குத் தெரியாது. உன்னை வீட்டுக்குள் கொண்டுபோக எனக்கு வழி தெரியவில்லை. அதனால் ரோட்டிலேயே முடித்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் வீட்டுக்குப் போனேன். "வாங்க தம்பி" என்று உன் அம்மா நாற்காலியைத் தட்டிப் போட்டாள். அவளும் கவிதாவும் தரையில் உட்கார்ந்தார்கள். நானும் தரையில் உட்காரப் போனால், "அட, உக்காருங்க, ஓட்டு கேக்க வர்றவங்க மாதிரி படம் எடுக்கவா வந்திருக்கீங்க?" என்று சிரித்தாள். உட்கார்ந்தேன்.

அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன். மச்சான், உன்னை எனக்குத் தெரியவே தெரியாது. கெஸ்ட் ஹவுஸில் மிஞ்சிய பெயின்டை வைத்து ஒரே ஒரு சுவருக்குப் பச்சை அடித்தாயாமே? அங்கே தங்க வந்த பிரெஞ்சுக்காரரிடம் கற்றுக்கொண்டு வந்து, வீட்டுக்குள் நுழையும்போது ஆட்டுக்குட்டிக்கு "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்வாயாமே?

"எனக்குச் சொல்ல மாட்டான், ஆட்டுக்குத்தான்" என்றாள் அம்மா. "அப்பறம் இன்னா கொழம்புன்னு கேப்பான். எதைச் சொன்னாலும் மூஞ்சை சுளிப்பான். சுளிச்சிக்கினே ரெண்டு தட்டு துன்னுவான்."

"ஃபேனுக்கு நேரா படுத்துக்குவான், எனக்குக் காத்தே வராது" என்றாள் கவிதா. "அதையும் எழுதுங்கண்ணா. நல்லவன்னு மட்டும் எழுதிடாதீங்க."

நான்கு ஞாயிறு போனேன். எழுதி எழுதி எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் படித்தேன். உன் அம்மா மாதிரி ஓர் எடிட்டரை நான் பார்த்ததில்லை. "இவ்ளோ அமைதியா பேசற ஆளா அவன்? கத்துவான் தம்பி. கத்த வுடுங்க." ஓர் இடத்தில், "அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்" என்று எழுதியிருந்தேன். பழைய விரல், அதுவாகவே டைப் செய்துவிட்டது. "நான் எங்க அழுதேன்? அவன் வந்தா நான் ஏன் அழுவறேன்? எடுங்க அதை." எடுத்தேன்.

கதையில் இப்போது நீ வீட்டுக்கு வருகிறாய், தின்கிறாய், தூங்குகிறாய். எட்டுப் பக்கம். ஒருவரும் சாகவில்லை.

பழைய "செக் அவுட்" கதையை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "அழிக்காதீங்க, அவன் பேச்சு அதுலதான் இருக்குது" என்றாள் கவிதா. அதனால் இணையத்தில் இருந்ததில் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்தேன். அந்த இடத்தில் புதிய எட்டுப் பக்கத்தைச் சேர்த்தேன். கீழே, முன்பு இருந்த முடிவு என் அறியாமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மின்மடலையும் மாற்றிவிட்டேன். இனிமேல் பௌர்ணமிக் கணக்கு கிடையாது. கதை எப்போது தயாராகிறதோ அப்போதுதான் போகும். யாரை வைத்து எழுதுகிறேனோ, அவர்கள் முன்னால் முதலில் படிக்க வேண்டும். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து. அவர்கள் எடு என்றால் எடுக்க வேண்டும். இதை அறிவித்ததும் அறுபது எழுபது பேர் விலகிப் போனார்கள். மெட்ராஸிலிருந்து ஒரு பெரியவர், "உணர்ச்சிக்கு அடிபணிந்து யதார்த்தத்தைக் கைவிட்டுவிட்டாய், அந்த லாரிதான் கலை" என்று நீளமாக எழுதினார். நான் ஒரு வரியில் பதில் போட்டேன்: "ஐயா, லாரிதான் நான் இட்டுக்கட்டியது. இரண்டு தட்டுச் சோறு நிஜம்." இதற்கு நீ சிரித்திருப்பாய். இல்லை, "ரொம்பப் பேசாத" என்றிருப்பாயோ? தெரியவில்லை. உன்னைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல இப்போது பயமாக இருக்கிறது.

இங்கேயே முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். போன ஞாயிறு, அதாவது அந்த நான்காவது ஞாயிறு, முழுக் கதையையும் படித்து முடித்தேன். உன் அம்மா சாப்பிட்ட தட்டுகளை அடுக்கிவைத்தாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"தம்பி, உங்க வூட்ல இன்னா கொழம்பு வெச்சா அவனுக்குப் புடிக்கும்?"

நான் கையிலிருந்த தாள்களை மடித்தேன்.

"அங்க சாப்டிருப்பான் இல்ல? எவ்ளோ வருசமா சுத்தினீங்க ரெண்டு பேரும்."

"இல்லம்மா."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்லம்மா."

கவிதா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன், சுதா. யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். போன சித்திரை மாத வெயிலில் நீ என்னைக் கூட்டிப்போக வந்தாய். கேட்டுக்கு வெளியே பைக்கில் இருந்தாய். நான் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவசரம் கூட இல்லாமல். எங்கள் அம்மா உனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள், பிளாஸ்டிக் பாட்டிலில். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய். "நீயே வெச்சிக்கப்பா, வெயில்ல போற" என்றாள். எவ்வளவு அன்பாகச் சொன்னாள்! அதை அன்பு என்றே நானும் வைத்துக்கொண்டேன். வழியில் நீ அந்தப் பாட்டிலை ஏரிக்கரையில் வீசினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஊர் உலகத்து அநியாயத்தையெல்லாம் நாற்பது கதையில் எழுதினேன். அந்த கேட்டை ஒரு வரிகூட எழுதவில்லை.

உன் அம்மா எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டாள். உள்ளே போகும்போது சொன்னாள்: "அதையும் எழுதுங்க. எழுதி இங்க எடுத்தாராதீங்க. நாங்க கேக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. அங்க படிங்க."

எழுதிவிட்டேன். இந்தக் கடிதம்தான் அது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு அப்பாவும் அம்மாவும் ஹாலில் இருப்பார்கள். அம்மா எனக்குத் தட்டு வைப்பாள். சாப்பிட உட்காராமல், நின்றபடி, இதை முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கப் போகிறேன். பாட்டில் வரும் இடத்தில் நிறுத்த மாட்டேன். அப்பா எழுந்து போனால் பின்னாலேயே போய்ப் படிப்பேன். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. அவர்களைப் பற்றியும் எனக்கு எதுவும் தெரியாதோ என்னவோ. முழுக்கப் படித்து முடிக்கும்வரை இது ஒருவருக்கும் போகாது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

ஆகவே, சுதா, இந்தக் கடிதம் யார் கைக்காவது போய்ச் சேர்ந்திருந்தால், படித்துவிட்டேன் என்று தெரிந்துகொள்.

உன் மச்சான்,
தினேஷ்